மடை வைத்த ஆப்பிரிக்கா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் மாமியார் சொல்வார், பள்ளியில் தலைமையாசிரியர் சொல்வார், நானே பல தடவை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். பேசி முடித்த பிறகுதான் என்ன பேசினேன் என்பது எனக்கே உறைக்கும். பதினோரு வருட ஆசிரியர் வேலையில் இந்த வாயால் வந்த வம்புகள் நிறைய. எல்லாவற்றையும் சிரித்து மழுப்பித் தப்பித்திருக்கிறேன். ஆனால் போன மாசி மாதம் பத்து வயதுப் பெண் ஒருத்தியிடம் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் மழுப்ப முடியவில்லை. மழுப்பவும் கூடாது.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. தொடக்கப் பள்ளியில் நாற்பத்தோரு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு வரை தலைமையாசிரியர் கலியமூர்த்தி சார், நான்கும் ஐந்தும் நான். சுற்றியுள்ள பள்ளிகள் எல்லாம் சேர்ந்து அந்த வருடம் உலகப் பண்பாட்டு நாள் கொண்டாடுவதாக முடிவு செய்தன. ஒவ்வொரு பள்ளியும் தன் மைதானத்தில் ஒரு கண்டத்தைக் காட்ட வேண்டும். எது யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தார்கள்.

சார் ஐரோப்பா வரும் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு போனார். பாரிஸ் கோபுரத்தைத் தெர்மாகோலில் செய்வதற்கு அளவுகூட எடுத்து வைத்திருந்தார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"டீச்சர், ஆப்பிரிக்கா வந்துட்டுது. இன்னா பண்றது சொல்லுங்க."

"இதுல யோசிக்க இன்னா சார் இருக்குது? ஒரு டான்ஸ் போட்டாப் போச்சு," என்றேன்.

யோசிக்காமல் சொன்னதுதான். தென்னை ஓலையில் பாவாடை, தலையில் கோழி இறகு, கையில் மூங்கில் ஈட்டி, முகத்துக்கு அடுப்புக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு பூச்சு. நான் பார்த்த எல்லா ஆண்டுவிழாக்களிலும் ஆப்பிரிக்கா அப்படித்தான் மேடையேறியது. ஐம்பத்து நான்கு நாடுகள் உள்ள கண்டம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்துகிறவள் நான். நடத்தியது புத்தகத்தோடு நின்றுவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் பூவிழி என்று ஒரு பெண். அவளுக்கு மைக் என்றால் உயிர். காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கிற நாள் வந்தால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே முணுமுணுத்துக்கொண்டு திரிவாள். குரல் கணீரென்று இருக்கும். ஆட்டத்துக்கு ஆள் எடுக்கிறேன் என்று நான் சொன்னதும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், நான் டான்ஸ் ஆடல. மைக்ல பேசுறேன் டீச்சர்."

"நீ ஆடாம யாருடி ஆடுறது? மத்தவங்களுக்குத்தான் கரி பூசணும். உனக்கு அந்த வேலையும் மிச்சம். அப்படியே மேடையில ஏறிடலாம்," என்றேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மணிகண்டன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். பூவிழியும் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். அவள் உதடு கோணியது எனக்குச் சிரிப்பாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவு லட்சணமாகத்தான் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வருகைப் பதிவின்போது மணிகண்டன் தானாக எழுந்தான். பூவிழி வீட்டுக்குப் பக்கத்து வீடு அவனுடையது. அன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"டீச்சர், அவ தேங்கா நார வச்சி மூஞ்சியத் தேச்சிக்கினா டீச்சர். கன்னமெல்லாம் தோலு வழண்டு போச்சி. அவங்கம்மா அழுதாங்க."

அன்று முழுக்க என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக உப்பளத்துக்குப் போனேன்.

பூவிழியின் அம்மா அருள்மொழி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றித் துண்டு, வெளியே கண்கள் மட்டும். நீளக் கழி வைத்த பலகையால் உப்பை அவள் வரப்போரம் இழுத்துச் சேர்ப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அடியில் இருக்கிற களிமண் துளிகூடக் கலங்கவில்லை. மேலே இருக்கிற உப்பு மட்டும் பலகையோடு நகர்ந்து வந்தது. அத்தனை பலமும் அத்தனை நிதானமும் ஒரே கையில் இருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. இத்தனைக்கும் பதினோரு வருடமாக அந்த வழியாகத்தான் வந்து போகிறேன்.

என்னைப் பார்த்ததும் பலகையை வைத்துவிட்டுக் கரையேறி வந்தாள்.

"கொட்டாயில குந்திக்கினு இருக்கா டீச்சர். வூட்ல தனியா உட பயமா இருந்திச்சி. அதான் கூட இட்டாந்துட்டேன்."

"தப்பு என்னுதும்மா," என்றேன்.

"ஆமா, உங்க தப்புதான்," என்றாள் அருள்மொழி. குரலை உயர்த்தவில்லை. "என்ன ஊரே கருப்பின்னுதான் கூப்புடும். நான் அதுக்கு அழுததில்ல. இவளையும் சொல்லாதவன் இல்ல, அதுக்கும் இவ அழுததில்ல. நீங்க சொன்னீங்க பாருங்க, அதான் டீச்சர் தாங்கல அவளுக்கு. எங்க டீச்சரு எங்க டீச்சருன்னு வூட்ல உங்க பேச்சுதான் எந்நேரமும்."

அவள் நாலு அறை விட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பூவிழியும் உப்பளத்துப் பெண்களைப் போலவே முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு கொட்டகை மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். தெரியாமல் பேசிவிட்டேன், அசட்டுத்தனம், மன்னித்துக்கொள் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் கேட்டது வேறு.

"அவங்களுக்கு எதுக்கு டீச்சர் கரி பூசணும்?"

துண்டின் நுனியை முறுக்கியபடி அடுத்ததையும் கேட்டாள்.

"ஆப்பிரிக்காவுல எல்லாரும் ஈட்டி வச்சிக்கினா இருப்பாங்க?"

"இல்லம்மா."

"அப்ப இன்னாதான் வேல செய்வாங்க?"

பாருங்கள், பாடம் நடத்துகிற எனக்கே அது தெரியாது. சிங்கம், யானை, பாலைவனம், நீளமான ஆறு, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா. கைப்பேசியை எடுத்தேன். உப்பளத்தில் உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, ஆப்பிரிக்கா என்று அடித்துவிட்டு உப்பு என்றும் சேர்த்து அடித்தேன். கானா நாட்டின் கடலோரத்தில் ஒரு காயலில் பெண்கள் உப்பு எடுக்கிற காட்சி வந்தது.

கஞ்சி குடிக்கிற நேரம் அது. அருள்மொழியும் அவளோடு வேலை செய்கிற ஏழெட்டுப் பெண்களும் கொட்டகைக்குள் வந்தார்கள். என்ன பார்க்கிறோம் என்று எட்டிப் பார்த்தவர்கள் தூக்குச் சட்டியைத் திறக்க மறந்து அப்படியே குனிந்து நின்றுவிட்டார்கள்.

"ஏய், பாருங்கடி, உப்பு எடுக்குறாளுவ!"

"முட்டி ஆழத் தண்ணியில நின்னு எடுக்குறாளே. பலகையே இல்லாம வெறுங்கையால அள்ளுறா பாரு."

"அடியில சேறு இருக்குது. அதான் அலசி அலசி எடுக்குறா. வேலக்காரிதான்."

முத்தம்மாள் என்று ஒருத்தி, எல்லோருக்கும் முன்னே நின்றவள், கைப்பேசியை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். திரையில் ஒரு பெண் உப்பு நிறைந்த பெரிய பேசினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கையால் பிடிக்காமலேயே கரையேறினாள்.

"யம்மாடி! நாப்பது கிலோ இருக்கும். கையே வைக்கலடி. நம்மால ஆவாது."

"ஏன் ஆவாது? உனக்கு இடுப்பு வலி, அதச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். வேலை தெரிந்தவர்கள் வேலை தெரிந்தவர்களைப் பார்த்த சிரிப்பு. எத்தனை நாட்டுப் படங்களை எத்தனை வகுப்புகளில் காட்டியிருப்பேன், இப்படிப் பார்த்த கண்களை நான் கண்டதில்லை. அவள் காலில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடினார்கள். இடுப்புத் துணியை அவள் இழுத்துச் செருகியிருக்கிற விதம் சரிதான் என்றார்கள். உப்பின் பொடியைப் பார்த்து, வெயில் போதாத நாளில் எடுத்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பூவிழி எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. நன்றாகப் பார்ப்பதற்காக முகத்துத் துண்டைத் தானே அவிழ்த்திருந்தாள். இரண்டு கன்னத்திலும் பொருக்குத் தட்டியிருந்தது. திரையில் அந்தப் பெண் பேசினை இறக்கிவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள். வெயிலில் அந்தக் கறுப்பு முகம் மினுமினுத்தது.

"அழகா இருக்காங்க," என்றாள் பூவிழி. பிறகு, "அவங்க பேரு இன்னா டீச்சர்?"

"பேரு போடலம்மா."

"போட்டிருக்கணும்," என்றாள் கோபமாக.

பள்ளிக்கு வருகிறாயா என்று அப்போதுதான் கேட்டேன். அவள் மூன்று விரலை மடக்கினாள். யாரும் கரி பூசக் கூடாது. ஈட்டி கூடாது. மைக்கில் அவள்தான் பேசுவாள், இந்த உப்பைப் பற்றி. மூன்றுக்கும் தலையாட்டினேன். அருள்மொழி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்தப் பிள்ளையைப் பெருமையாகப் பார்க்கத் தோன்றியது, ஆனால் எனக்கு அந்த உரிமை இன்னும் திரும்பி வரவில்லை.

அன்றைக்கே ஸ்கூட்டியில் அழைத்துப் போய், வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சபையில் சிரித்தேனோ அந்தச் சபையிலேயே. மணிகண்டன் தலையைக் குனிந்துகொண்டான். சாரிடம் சொன்னபோதுதான் பூகம்பம் வந்தது.

"டான்ஸ் இல்லன்னா இன்னா டீச்சர் காட்டுறது? தங்கராசு சார சீஃப் கெஸ்டா கூப்டாச்சு. மைக் செட்டு, பந்தலு எல்லாம் அவரு உபயம். மனுஷன் வந்து உப்பயா பாப்பாரு?"

"உப்பத்தான் சார் பாக்கணும். ஒரு பிள்ள மூஞ்சியத் தேச்சிப் புண்ணாக்கிக்கினு இருக்கா. நான் பேசின பேச்சுக்கு. இதுக்கு மேல யாரு மூஞ்சியிலயாவது கரி பட்டா நான் லீவு எழுதிக் குடுத்துட்டுப் போய்டுவேன்."

கலியமூர்த்தி சார் கெட்ட மனிதர் இல்லை. பூவிழியின் கன்னத்தைப் பற்றிக் கேட்டதும் டான்ஸ் பேச்சை விட்டுவிட்டார். போட்டோவுக்கு எடுப்பாக ஏதாவது பெரிதாக இருந்தால் நல்லது என்று மட்டும் முனகினார். மைதானத்தில் பெரிய ஆப்பிரிக்கா வரைபடம் போடலாம் என்று அப்போதுதான் யோசனை வந்தது. தரையில் மண் வரப்புக் கட்டி உள்ளே உப்பை நிரப்ப வேண்டும்.

விழாவுக்கு முந்தின நாள் வேலை முடிந்து அருள்மொழியும் முத்தம்மாளும் இன்னும் நாலு பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தேன். என் ஆப்பிரிக்கா நோஞ்சானாக இருந்தது. பூவிழி அதை அழித்துவிட்டுத் தானே போட்டாள். களிமண்ணைப் பிசைந்து கோட்டின் மேல் வரப்புக் கட்டி, காலால் மிதித்து மிதித்து உள்தரையைச் சமன் செய்து, அவர்கள் வேலை செய்த வேகத்துக்கு ஒரு மணி நேரத்தில் கண்டம் எழுந்துவிட்டது. பாத்தி கட்டுகிற அதே கறார். ஓரிடத்தில்கூட வரப்புப் பிசிறடிக்கவில்லை. சார் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார். அசந்து போனார். பிறகு கண்ணைச் சுருக்கினார்.

"இன்னாம்மா இது, மேல வலது மூலையில ஒடச்சி உட்டிருக்கீங்க? அங்க மூடணும்."

"அது மடை சார்," என்றாள் அருள்மொழி.

"தண்ணியே உடப் போறதில்லையே. உப்பக் கொட்டத்தானே போறோம்?"

"இருக்கட்டுங்க சார். கொழா அந்தப் பக்கம்தானே இருக்குது? மடை வைக்காம பாத்தி கட்ட கை வரல. தண்ணி வர்றதுக்கு வழி வைக்காம எப்படிங்க மூடுறது?"

வரைபடம் தப்பு, மூட வேண்டும் என்கிறார் சார். மடையில்லாத பாத்தி பாத்தியே இல்லை என்கிறார்கள் ஆறு பெண்களும். நான் யார் பக்கம் பேசுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது பூவிழி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், சார், அங்க நெஜமாவே வாய்க்கா இருக்குது சார்! சூயஸ் கால்வாய். ரெண்டு கடலையும் சேக்குது. கப்பல் போவும்."

சார் நாற்காலியிலிருந்து இறங்கிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மடையை அப்படியே விடச் சொன்னார். முத்தம்மாள், "நம்ம ஆளுவ யாராச்சும் போய் வெட்டியிருப்பாங்க," என்றாள். அந்த இரவு எனக்குச் சோறு இறங்கியது.

விழா அன்று காலை உப்பு கொட்டினார்கள். கறுப்புக் களிமண் வரப்புக்குள் வெள்ளை வெளேரென்று ஆப்பிரிக்கா கிடந்தது. ஊரே வந்திருந்தது. யாரும் சொல்லாமலேயே எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள், பாத்தியில் இறங்கும்போது செய்வதைப் போல. கடக்க வேண்டியவர்கள் கண்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர ஒருவரும் தாண்டவில்லை. கேழ்வரகு முதன்முதலில் விளைந்தது அந்தக் கண்டத்தில்தான் என்று படித்ததால் சத்துணவுக்கூடத்தில் கூழ் காய்ச்சுவது என்று முடிவாகியிருந்தது. நம் பல்லாங்குழி போலவே குழியில் விதை போட்டு ஆடுகிற ஆட்டத்தை அந்த மக்கள் முறைப்படி மணிகண்டன் ஆடிக் காட்டினான். மூன்று பெரியவர்கள் அவனிடம் தோற்றார்கள்.

பூவிழி சீருடையில் வந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல், ரிப்பன். பொருக்கு உதிர்ந்து கன்னத்தில் புதுத்தோல் வந்திருந்தது. கையில் ஒரு குச்சி, எதிரே மைக். பத்து நாள் முன்பு துண்டுக்குள் முகத்தை ஒளித்து வைத்திருந்த பிள்ளை, ஊரே பார்க்க நிற்கிறாள். தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டால் அதற்குக் காரணம் நான்தான்.

அவள் குனியவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். இது ஆப்பிரிக்கா. இங்க ஐம்பத்து நாலு நாடு இருக்குது. நான் அதுல உப்பு விளையிற நாட்ட மட்டும் சொல்லப் போறேன். மொதல்ல கானா. இங்க பொம்பளைங்க காயல்ல எறங்கி வெறுங்கையால உப்பு எடுக்குறாங்க. நாப்பது கிலோ பேசினத் தலையில வச்சி, கை புடிக்காம நடப்பாங்க. எங்கம்மாவும் முத்தம்மா அத்தையும் பாத்துட்டு, இவங்க நம்மள விடப் பெரிய வேலக்காரிங்கன்னு சொன்னாங்க."

கூட்டத்தின் பின்பக்கம் உப்பளத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், சட்டைகூட மாற்றவில்லை. மகள் குரல் மைக்கில் வந்ததும் அருள்மொழி தலைத்துண்டை இறக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் தங்கராசு சார் எழுந்தார். கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருப்பவர். வருடா வருடம் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தருகிற நல்ல மனிதர். முகமெல்லாம் மகிழ்ச்சியாகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூவிழி பக்கத்தில் போய் நின்றார்.

"பிரமாதம், பிரமாதம்! டீச்சர், இந்தப் பாப்பாவுக்கு மேக்கப் யாரு போட்டது? அசல் ஆப்பிரிக்காக்காரி மாதிரியே இருக்குதே!"

சொல்லிக்கொண்டே கட்டை விரலால் அவள் கன்னத்தைத் தொட்டு ஒரு தேய் தேய்த்துப் பார்த்தார். அந்தப் புதுத்தோலில்.

பத்து நாளாக நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது, அதுவும் மைக் முன்னால். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு வருகிற என் வாய், வர வேண்டிய அந்த நேரத்தில் ஒட்டிக்கொண்டது. கலியமூர்த்தி சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபடி நின்றார். அருள்மொழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்துவிட்டாள்.

பூவிழி பின்வாங்கவில்லை. அவர் விரலைப் பார்த்தாள். அதில் ஒன்றும் ஒட்டவில்லை என்பது அவருக்கும் தெரியட்டும் என்று ஒரு கணம் பொறுத்தாள். பிறகு மைக்கில், செய்தி வாசிக்கிற அதே கணீர்க் குரலில் சொன்னாள்.

"யாரும் போடலீங்க சார். இது எங்கம்மா கலரு. தேச்சாலும் போவாது."

தங்கராசு சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. கையை இறக்கி, "தப்பும்மா, தப்பு," என்றார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. பின்னால் அருள்மொழி நின்ற இடத்திலேயே நின்றாள். முத்தம்மாள் அவள் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

பூவிழி இதில் எதையும் கவனிக்கவில்லை. அவளுக்கு இன்னும் நாடுகள் பாக்கி இருந்தன. குச்சியை உப்பின் மேல் நகர்த்தினாள்.

"அடுத்தது எத்தியோப்பியா. எல்லாரும் இந்தப் பக்கம் வந்து பாருங்க."